விளிம்பு வைக்காத கோட்டு

வடக்கே பனிக்காட்டுக்குள் இருக்கிற எங்கள் ஊர் சோலகாகட்டில் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அப்புறம் சொல்லவே இல்லை என்று சாதிக்க முடியாது. முப்பத்தொரு வீடு, வீட்டுக்கு வீடு அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ. ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால் ஊரே கேட்கும். யார் பனிவண்டி ஆற்றில் நின்றுபோனது, யார் வீட்டில் மருமகளோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை, எல்லாம் அதில்தான் வரும். அந்த ரேடியோவில்தான் ஜனவரி மாதம் ஒரு காலையில் வயலா வாய்விட்டு மாட்டிக்கொண்டாள்.

ஆரம்பித்து வைத்தவன் அவள் கொழுந்தன் சைலஸ். செத்துப்போன க்ளெமென்ட்டின் ஒரே தம்பி. மனசு நல்ல மனசுதான், வாய்தான் ஓரிடத்தில் நிற்காது.

"அண்ணி, இருக்கீங்களா?"

"இங்கதான் இருக்கேன். இந்தக் குளிர்ல எங்க போவேன்?"

"நாளைக்கு விமானத்துல டவுனுக்குப் போறேன். அண்ணன் கோட்டுக்கு விளிம்பு ரோமம் வாங்கிட்டு வந்துடவா? கடையில தொங்குது. நல்லாத்தான் இருக்கு."

க்ளெமென்ட் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மார்ச் இரண்டாவது வாரம் விருந்து வைத்திருந்தார்கள். விருந்து என்றால் வெறும் சாப்பாடு இல்லை. போனவருக்குத் தலைமுதல் கால்வரை புதுசாகத் தைத்து, அவருக்குக் குழி வெட்டிய ஒருவருக்கு அதை உடுத்திவிடுவோம். அன்றைக்கு அந்த ஆள்தான் போனவர். ஊரோடு கைகுலுக்கிவிட்டு அவர் நடந்து போய்விடுவார். அதுவரை செத்தவர் எங்கேயும் போவதில்லை, ஊர் ஓரத்திலேயே குளிரில் நிற்கிறார். இந்த வருடம் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து செய்கிற விருந்து, ஒருத்திக்காகத் தேதியைத் தள்ள முடியாது.

வயலா எல்லாம் தைத்து முடித்திருந்தாள். மூஸ் என்கிற பெரிய மானின் தோலில் காலணி, நீர்நாய் ரோமத்தில் கையுறை, பனிக்கோட்டு. தொப்பியும் கோட்டின் தலைமூடிக்கு விளிம்பும்தான் பாக்கி. அந்த விளிம்புக்குப் பெரியவரின் ரோமம்தான் வேண்டும். மற்ற ரோமமெல்லாம் மூச்சுக்காற்று பட்டுப் பட்டு உறைந்து கட்டையாகிவிடும். பெரியவர் ரோமத்தில் உறைபனியைக் கையால் தட்டினால் உதிர்ந்துவிடும்.

பெரியவர் யார் என்று கேட்பீர்கள். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, வெளியூர்ப் புத்தகங்களில் படம்கூடப் போட்டிருக்கிறது. நான் அதை எழுதப்போவதில்லை. நாய் அளவு உடம்பு, கரடியின் நடை, கீரியின் கோபம், இரண்டு விலாவிலும் வெளிர்ப் பட்டை. காட்டில் அவரைவிடப் பெரிய மிருகங்கள் உண்டு, அவரைவிடப் பெரிய மனிதர் கிடையாது. ஓநாய்க்கூட்டமே வழிவிடும்.

"கடைத்தோல் வேண்டாம் சைலஸ்," என்றாள் வயலா. "உங்க அண்ணன் அதைப் போட்டுக்கிட்டு வாசலைக்கூடத் தாண்ட மாட்டார். அவர் பொறி வெச்ச பாதையிலேருந்து வந்ததா இருக்கணும். அவர் போக வேண்டிய வழி தூரம். குளிரும்."

"அந்தப் பாதையா? ரெண்டு வருசமா புதர் மண்டிக் கெடக்கு. யார் போறது?"

"நான் போறேன்."

ரேடியோவில் யாரோ சிரித்தார்கள். யாரோ என்ன, நெட்டிதான். ஆற்றங்கரை முதல் வீட்டு நெட்டி அக்கா. விடிந்தால் ரேடியோ, பொழுது சாய்ந்தால் ரேடியோ.

"போயி?" என்றான் சைலஸ். "சின்னதுங்களப் பிடிக்கிறது வேற, இது வேற அண்ணி. அப்படியே ஆனாலும் உரிக்க நான்தானே வரணும்? பொம்பளைங்க அவர்மேல கத்தி வைக்கக் கூடாது. எதுக்கு வீண் அலைச்சல்? ஐம்பத்தி நாலு வயசுல இடுப்ப ஒடச்சுக்காம..."

வயசைச் சொன்னதுதான் வினை. வயலாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"மார்ச்சுக்குள்ள அதைப் பிடிச்சுக் கொண்டுவந்து உன் வாசல்ல போடறேன் பாரு. கத்தியத் தீட்டி வெச்சுக்க," என்றாள். 'அதை' என்ற இடத்தில் பெயரையே சொன்னாள். முழுப் பெயர், ஊருக்கே கேட்கிற மாதிரி.

பொத்தானிலிருந்து விரலை எடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. எங்கள் ஊரில் வேட்டைக்குப் போகிறவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, "சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்பான். பிடிக்கிறேன், கொண்டுவருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. அவர்களாக மனசு வைத்து வந்தால்தான் உண்டு. காட்டுக்குக் காது இருக்கிறது. அதிலும் பெரியவரைப் பெயர் சொல்லி, சவால் விட்டு, அதையும் ரேடியோவில் சொல்லுவதென்றால்.

கடைசியில் நெட்டிதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "வயலா, அடுப்புல இன்னிக்கு என்ன வெச்சிருக்க?"

"மீன் சூப்பு," என்றாள் வயலா.

சொன்ன சொல் சொன்னதுதான். மறுநாளே அவள் பாதையைத் திறக்கக் கிளம்பினாள். விடியற்காலம் எழுந்து ஆற்றுப் பனிக்கட்டியில் வெட்டிய துளையிலிருந்து நான்கு வாளி தண்ணீர் சுமந்து வைப்பாள், விறகு பிளந்து அடுக்குவாள், பனிவண்டியின் மூக்கைப் போர்வையால் மூடி அடியில் கணப்பு வைத்துச் சூடேற்றுவாள். மைனஸ் நாற்பதில் வண்டியும் மாமியார் மாதிரி, தாஜா பண்ணாமல் நகராது. பிறகு ரம்பத்தைச் சறுக்குவண்டியில் கட்டிக்கொண்டு போவாள். க்ளெமென்ட் கட்டிய காட்டுக் குடிசைவரை இருபத்திரண்டு மைல். குறுக்கே விழுந்த மரங்களை அறுத்துத் தள்ளி, புதரை வெட்டி, ஆறு நாளில் பாதை திறந்தாள். தோள்பட்டை தெறித்தது. உன்னால் முடியாது என்று சைலஸ் சொன்னது தோளை விட அதிகமாக வலித்தது, அதனால் நிறுத்தவில்லை.

நாற்பது பொறி வைத்தாள். ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தில் ஒரு கழியைச் சாய்த்து, நுனியில் நாற்றமெடுத்த மீன் கட்டி, அதற்குக் கீழே சின்னப் பொறி. அது மரமேறுகிற சின்ன ரோம மிருகமான மரவெருகுக்கு. க்ளெமென்ட்டின் தொப்பிக்கு இரண்டு தோல் வேண்டியிருந்தது. ஐந்து இடத்தில் பெரிய பொறி. அது யாருக்கு என்று மனசுக்குள்கூட அவள் சொல்லிக்கொள்ளவில்லை, இப்போதுதான் புத்தி வந்திருந்தது.

வந்து என்ன? பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

முதல் வாரம் போய்ப் பார்த்தால் அவள் வண்டித் தடத்தின் மேலேயே அவருடைய காலடி. ஊரே சேர்ந்து அவருக்காகச் சாலை போட்டுக் கொடுத்த மாதிரி, பொறி பொறியாக நடந்திருந்தார். மரவெருகு விழுந்த இடத்திலெல்லாம் வாலும் ஒரு காலும் மிச்சம். பெரிய பொறிகளில் பின்பக்கமாக வந்து இரையை இழுத்துவிட்டு, பொறியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார். ஒன்றின் மேல் எச்சம்வேறு.

மூன்று வாரம் இப்படியே தண்ணி காட்டினார். வயலா மனித வாடை போகப் பொறிக்குப் புகைபோட்டாள், இடம் மாற்றினாள், பனியில் புதைத்தாள். பதினோரு மரவெருகு அவர் வயிற்றுக்குள் போயிற்று. இரண்டே இரண்டு முழுசாக வந்தன. அதில் தொப்பி ஆயிற்று. விளிம்பு ஆகவில்லை.

ஊரில் யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. தபால் வாங்கும் இடத்தில் அவள் வந்தால் பேச்சு வானிலைக்குத் தாவும். நெட்டி அக்கா மட்டும் ஒருநாள் கையில் பாத்திரத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"தப்பா எடுத்துக்காத வயலா. அவர் கோவம் இந்த வருசத்துல ஆறாது. நீயும் கொஞ்ச நாள் சும்மா இரேன்."

"சும்மா இருந்தா அவரு சும்மா வந்து கதவத் தட்டுவாரா அக்கா?"

"அது சரி. எங்கம்மா வழியில ஒருத்தர் இப்படித்தான் வாய்விட்டார். ஒம்பது வருசம் அவருக்கு ஒரு முயல்கூட விழல."

"எனக்கு ஒம்பது வருசம் கிடையாது. இருபத்தாறு நாள்தான் இருக்கு," என்றாள் வயலா. "ரொட்டி எடுத்துக்குங்க."

சைலஸ் டவுனில் வாங்கிவந்திருந்த ஒரு காகிதப்பையை ஒருநாள் கொண்டுவந்து மேசையில் வைத்தான். உள்ளே கடை ரோமம். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இருக்கட்டும் அண்ணி. ஒருவேளை தேவைப்பட்டா."

"எடுத்துட்டுப் போ."

"வெச்சுட்டேன். தைக்கறதும் தைக்காததும் உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அவள் அந்தப் பையை அலமாரி மேல் தூக்கிப் போட்டாள். அதைப் பிரித்தும் பார்க்கவில்லை, எறியவும் இல்லை. சுவரில் ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அலமாரிப் பக்கமும் கண் போயிற்று. அது அவளுக்கே பிடிக்கவில்லை. மறுநாள் வண்டியில் மூன்று நாள் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

காட்டுக் குடிசையை அடைந்தபோது கதவு ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மாவும் டீத்தூளும் தரையெல்லாம் கொட்டி, எங்கும் அவருடைய மூத்திர நாற்றம். பாத்திரங்கள் நசுங்கிக் கிடந்தன. வயலா அதையெல்லாம் பார்க்கவில்லை. உத்தரத்தைப் பார்த்தாள். கயிறு இருந்தது, கயிற்றில் இருந்தது இல்லை.

க்ளெமென்ட் கடைசியாகப் பிடித்த சால்மன் மீன் அது. ஆற்றங்கரை முகாமில் கீற்றுக் கீற்றாக அறுத்து, புகைபோட்டுக் கருவாடாக்கி, செப்டம்பரில் இங்கே கொண்டுவந்து கட்டினார். அடுத்த மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. விருந்தில் அவர் பங்காக நெருப்பில் போடுவதற்கென்று வயலா அதைத் தொடாமலே வைத்திருந்தாள். உலகத்தில் அவர் கை அறுத்த மீன் வேறு மிச்சமில்லை.

மாவுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். பெரியவரைத் திட்டினாள், சைலஸைத் திட்டினாள், சொல்லிக்கொள்ளாமல் செத்துப்போன புருஷனையும் விடவில்லை. திட்டித் திட்டித் தொண்டை கட்டிப்போனது.

மூச்சு வாங்க நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். மாவு வெறுமனே கொட்டிக் கிடந்தது, வாய் வைக்கவில்லை. சர்க்கரையைத் தொடவில்லை. கருவாட்டில் மட்டும் ஒரு தோல், ஒரு நார்கூட மிச்சமில்லாமல் சாப்பிட்டிருந்தார். சாப்பிட்டுவிட்டு க்ளெமென்ட்டின் படுக்கையில் சுருண்டு தூங்கியுமிருக்கிறார். பழைய போர்வையில் அவர் உடம்பு அழுந்திய குழி அப்படியே இருந்தது.

யார் வீட்டில் சாப்பிட்டார், யார் படுக்கையில் தூங்கினார்? வயலா அந்தக் குழியையே வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குள் இருந்த ஆத்திரம் எங்கோ போய்விட்டது. வெட்கம் வந்தது. ஒரு வீட்டுக்காரியாக நடந்துகொள்ளாமல் ஒரு மாதமாக எதிராளியாகவே நின்றிருக்கிறோம் என்று பட்டது.

கையோடு கொண்டுவந்திருந்த ரேடியோவை எடுத்தாள். குடிசை மரத்தில் க்ளெமென்ட் கட்டியிருந்த ஏரியல் கம்பியால் குரல் இன்னும் ஊரை எட்டியது. மணி இரண்டு. எல்லா வீட்டிலும் டீ நேரம். அதைத் தெரிந்தேதான் பொத்தானை அழுத்தினாள்.

"ஊர்ல எல்லாரும் கேளுங்க. வயலா பேசறேன். ஜனவரியில நான் பேசினது வாய்க்கொழுப்பு. நான் யாரையும் பிடிக்கிறவ இல்ல, எனக்கு ஒண்ணும் தெரியாது. இங்க எங்க குடிசைக்குப் பெரியவர் வந்து சாப்பிட்டுப் போயிருக்கார். எங்க வீட்டுக்காரர் கையால அறுத்த மீன். நல்லா சாப்பிட்டிருக்கார். எனக்கு மனத்தாங்கல் இல்ல. அவ்வளவுதான்."

ரேடியோ கரகரத்துக்கொண்டிருந்தது. பிறகு சைலஸின் குரல் வந்தது.

"அண்ணி, கிளறிவிட்டது நான். பெரியவர் கேட்டுட்டிருந்தா அதையும் சேர்த்துக் கேட்டுக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தினான். "போதும், வந்துடுங்க."

"வரமாட்டேன். கதவு கீல் உடைஞ்சிருக்கு. வீட்ட இப்படிப் போட்டுட்டு வருவாங்களா?"

கதவைச் சரிசெய்தாள். தரையைப் பெருக்கினாள். அந்தப் போர்வையை உதறவில்லை, அப்படியே விட்டாள். தான் கொண்டுவந்த மூஸ் கொழுப்பில் பாதியை வெட்டி வாசலுக்கு வெளியே பலகையில் வைத்தாள். அதன் பக்கத்தில் பொறி எதுவும் வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பொறிகளைப் பார்த்துக்கொண்டே திரும்பும்போது ஓடையில் மாட்டிக்கொண்டாள். மேலே பார்த்தால் வெள்ளைப் பனி, அடியில் பனிக்கட்டிக்கு மேல் ஏறி நின்ற தண்ணீர். வண்டி பொதுக்கென்று இறங்கியது. இறங்கியவளுக்கு முழங்கால்வரை நனைந்தது. அந்தக் குளிரில் நனைந்த காலுக்கு அரைமணிதான் கெடு. ரேடியோவில் ஒரு வார்த்தை சொன்னால் சைலஸ் வந்திருப்பான். அவள் கரையேறி நெருப்பு மூட்டினாள், காலுறை மாற்றினாள், நாலு இளமரத்தை வெட்டி வண்டிக்கு அடியில் நெம்பினாள். வண்டி கரையேற நாலு மணிநேரம் ஆயிற்று. விரல்கள் மரத்துப்போய் அவளுடையவையாகவே இல்லை.

கரையிலிருந்து ஊர் எட்டே மைல். பார்க்காத பொறி இன்னும் நான்கு, பக்கத்துப் பள்ளத்தில், எதிர்த்திசையில் இரண்டு மைல். அதில் ஏதாவது விழுந்திருந்தால் வலியோடு காத்துக்கொண்டிருக்கும். காக்க வைப்பது வாய்விடுவதைவிடப் பெரிய பாவம். வெளிச்சம் இன்னும் ஒரு மணிநேரம் இருந்தது. வயலா வண்டியை எதிர்த்திசையில் திருப்பினாள்.

கடைசிப் பொறியில் பெரியவர் இருந்தார்.

சுற்றிலும் பனியைக் கிளறியிருந்தார், ஒரு மரத்தின் பட்டையை உரித்திருந்தார். அவளைப் பார்த்ததும் உறுமலை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். அவள் கையுறையைக் கழற்றினாள்.

"காக்க வெச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க," என்றாள். "வழியில தண்ணில மாட்டிக்கிட்டேன். வேணும்னு பண்ணல."

வண்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்தாள். ஒரே குண்டு. அவரைக் கித்தானில் சுற்றி, சறுக்குவண்டியில் மூட்டையாகப் போடாமல், சாய்ந்து உட்கார்ந்தவாக்கில் கட்டினாள். ஊர்வரை மெதுவாகவே ஓட்டினாள். ரேடியோவைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து, அவரைத் தூக்கிப்போய் அடுப்புக்கு எதிரே சுவரோரம் உட்காரவைத்தாள். கனத்தார். ரோமத்திலிருந்த பனியைக் கையால் தட்டினாள், உதிர்ந்தது. பிறகுதான் பொத்தானை அழுத்தினாள்.

"எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கார். ரொம்ப தூரம் வந்தவர்."

வேறெதுவும் சொல்லவில்லை. அதற்குள் ஊரில் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது.

பெரியவர் வீட்டுக்கு வந்தால் வீட்டில் இருப்பதிலேயே நல்லதை அவர்மேல் போட்டு, சாப்பாடு வைத்து, ஊரே கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எங்கள் வழக்கம் அது. வயலா சுற்றிப் பார்த்தாள். அந்த வீட்டில் நல்லது என்று சொல்ல ஆணியில் தொங்கிய கோட்டு ஒன்றுதான் இருந்தது. கொஞ்சம் தயங்கினாள். பிறகு எடுத்து அவர் தோளில் போர்த்தி, முன்பக்கம் சேர்த்து ஒரு பொத்தானும் போட்டாள்.

நெட்டி அக்கா மூஸ் தலை சூப்போடு முதலில் நுழைந்தாள். பார்த்தாள். சூப்பை அவர் முன்னால் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். அடுத்து வந்தவர்கள் ரொட்டி, கொழுப்பில் அடித்த பெர்ரிப்பழம், வெள்ளைமீன் என்று வைத்தார்கள். பெரியவரே, வாங்க, என்று ஒவ்வொருவரும் தணிந்த குரலில் சொன்னார்கள்.

சைலஸ் கடைசியில் வந்தான். கையில் கத்தி, தீட்டின கத்தி. வாசலிலேயே நின்றுவிட்டான். அண்ணனின் கோட்டை, அதை மாட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தவரை, மாறி மாறிப் பார்த்தான். அவன் ஏதாவது சொல்லிவிடுவானோ என்று வயலா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கத்தியை உறையில் போட்டு வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தான்.

"சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நான் பாத்துக்கறேன்," என்றான். அலமாரி மேலிருந்த காகிதப்பையை எடுத்துத் தன் கோட்டுப்பைக்குள் திணித்துக்கொண்டான். "இது என் தொப்பிக்கு ஆகும்."

உட்காரப் போனவன் உட்காரவில்லை. மறுபடி அந்தக் கோட்டையே பார்த்தான்.

"அண்ணி, ஒண்ணு கொறையுது. அண்ணன் இப்படி உக்காந்தா கையில டீ இல்லாம இருந்து நான் பாத்ததே இல்ல."

அவனே அடுப்பிலிருந்து கெட்டிலை எடுத்தான். கோப்பையில் ஊற்றி நாலு கரண்டி சர்க்கரை போட்டான். க்ளெமென்ட்டுக்கு நாலு கரண்டி, டாக்டர் எத்தனை திட்டினாலும் நாலுதான். அதை அவர் பக்கம் கொண்டுபோனவன், வைக்காமல் அண்ணியிடம் நீட்டினான். வயலா கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வருடமாக யார் முன்னாலும் அழாதவள் ஊர் முன்னால் அழுதாள். துடைத்துக்கொள்ளவும் இல்லை. கோப்பையைக் கோட்டின் கைப்பக்கமாக வைத்து, கழுத்தில் திறந்து கிடந்த இடத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"குடிங்க," என்றாள். "வழி தூரம்."